இரும்பை அளந்து ஈயத்தைச் சொல்வது

கன உலோக மாசை அறியக் காந்த அளவீடே போதும் என்பவர்களிடம் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கும் பதில் ஒன்றுதான்: நம் நாட்டுக்கு இதுதான் கட்டுப்படியாகும். மண்ணை அமிலத்தில் கரைக்க வேண்டாம். ஆய்வக முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சாலையோர மரத்தில் நாலு இலையைப் பறித்து, உலர்த்தி, கருவிக்குள் வைத்தால் ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். வாகனப் புகை கொண்டுவந்து சேர்த்த ஈயத்தையும் துத்தநாகத்தையும் அந்த எண்ணே சொல்லிவிடும் என்கிறார்கள். விசாகப்பட்டினத்துச் சாலைத் தூசியைப் பற்றி 2004இல் வந்த ஆய்வு, மிசோரமில் ஐஸால் நகரத்து இலைகளைப் பற்றிய ஆய்வுகள், நம் வெள்ளாற்று வண்டலைப் பற்றிய ஆய்வு என்று இந்த முறை இந்தியாவில் இருபது ஆண்டுகளாக வேர்பிடித்து வருகிறது. கொல்கத்தாவிலும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்து நிலவியலாளர்கள் நகரத்து மண்ணைக் காந்த முறையில் அளந்திருக்கிறார்கள்.

அளந்தவர்கள்மீது எனக்குக் குறை இல்லை. காந்த எண்ணிலிருந்து கன உலோகத்துக்கு ஒரு தாவல், கன உலோகத்திலிருந்து வண்டியின் புகைக்குழாய்க்கு இன்னொரு தாவல். இந்த இரண்டும்தான் எனக்கு நெடுநாளாக உறுத்தி வருகின்றன. அந்த உறுத்தல் எவ்வளவு நியாயமானது என்று பார்க்கக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

முறையின் நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்ஸனும் ஓல்ட்ஃபீல்டும் 1986இல் எழுதிய நூல் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது. ஏரிப்படிவங்களிலும் மண்ணிலும் உள்ள இரும்பு ஆக்சைடுகள் நூற்றாண்டுக் கதையைப் பதிந்து வைத்திருக்கின்றன, அதைக் காந்த அளவீட்டால் படிக்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாலையோர பர்ச் மர இலைகளை அளந்து 1999இல் பார்பரா மாஹரும் ஒரு சகாவும் வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. வண்டிகள் மேடேறும் பக்கத்து இலைகளில் காந்தத்தன்மை கூடுதலாக இருந்ததை அவர்கள் காட்டினார்கள். அதே மாஹரின் குழு 2016இல் மெக்சிகோ சிட்டியையும் மான்செஸ்டரையும் சேர்ந்த 37 பேரின் மூளைத் திசுக்களில், வெளிக்காற்றிலிருந்து வந்ததாகத் தோன்றும் உருண்டையான மாக்னடைட் (காந்தத்தன்மை மிகுந்த இரும்பு ஆக்சைடு) நுண்துகள்களைக் கண்டது. கேள்வி மாக்னடைட்டைப் பற்றியதாக இருக்கும்போது காந்த அளவீட்டை விஞ்ச வேறு வழி இல்லை. நூறு இடங்களை ஒரே வாரத்தில் அளந்து, எங்கே மேலும் தோண்ட வேண்டும் என்று குறித்துக்கொள்ளவும் இது நல்ல கருவி. இவ்வளவையும் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேள்வி ஈயத்தைப் பற்றியது என்றால்?

கருவி எதைப் பார்க்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அது காட்டும் எண் காந்த ஏற்புத்திறன், அதாவது காந்தப் புலத்தில் வைத்தால் ஒரு பொருள் எவ்வளவு காந்தமேறும் என்பது. மாக்னடைட்டின் ஏற்புத்திறன் செந்நிற இரும்பு ஆக்சைடான ஹேமடைட்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஒரு கிலோ மண்ணில் ஒரே ஒரு கிராம் மாக்னடைட் கலந்தால் போதும், கருவியின் எண் எகிறிவிடும். இப்போது வேறொரு கிலோ மண்ணை எடுத்து அதில் ஒரு கிராம் ஈயத்தைக் கலந்து பாருங்கள். குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் உடனே வேலி போட்டு மூட வேண்டிய அளவு அது. கருவியின் எண் அசையாது. ஈயம், துத்தநாகம், செம்பு, காட்மியம் எல்லாமே காந்தத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஊமைகள். நிக்கல் உலோகமாக இருந்தால் காந்தப் பொருள்தான். சாலை மண்ணில் அது பெரும்பாலும் சேர்மமாகக் கிடக்கிறது, அங்கே அந்தப் பண்பு அற்றுப்போகிறது. ஆகவே இந்த முறை கன உலோகத்தை ஒருநாளும் அளப்பதில்லை. இரும்பை அளக்கிறது, இரும்போடு மற்றவையும் கூடவே வந்திருக்கும் என்று நம்புகிறது. முழுக் கட்டடமும் அந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

ஒரு காலத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. பெட்ரோலில் டெட்ரா எத்தில் ஈயம் கலந்த நாட்களில் ஒவ்வொரு காரின் புகைக்குழாயும் ஈயச் சேர்மங்களைக் கக்கியது. என்ஜினும் குழாயும் தேய்ந்தும் துருப்பிடித்தும் உதிர்ந்த இரும்புத் துகள்களும் அதே புகையில் வந்தன. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்து, ஒரே சாலையோரத்தில் படிந்தன. இரும்பை அளந்து ஈயத்தை ஊகிப்பது அன்று நியாயமாக இருந்தது. இந்த முறையின் பெயரை நிலைநாட்டிய பழைய ஐரோப்பிய ஆய்வுகள் பலவும் அந்தக் காலத்துச் சாலைகளில், அல்லது அந்தக் காலத்து ஈயம் மண்ணில் மிச்சமிருந்த சாலைகளில் செய்யப்பட்டவை. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் நுழைந்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. அதற்குச் சற்று முன்புதான் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் பெங்களூரு, சென்னை, கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களில் குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தது. ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தவர்கள் பாதிக்கும் மேல். பெட்ரோலில் ஈயம் நின்றதும் அந்தக் கொடுமையின் பெரிய வாயில் அடைபட்டது. கூடவே காந்த முறையின் ஆதாரமும் போயிற்று. இதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளில் பல, எதுவுமே நடக்காததுபோலப் பழைய வாதத்தையே எழுதிக்கொண்டிருக்கின்றன.

இன்று சாலையில் இரும்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி பிரேக்கிலிருந்து. பிரேக் பேடும் டிரம்மும் டிஸ்க்கும் தேயும்போது இரும்பும் செம்பும் ஆண்டிமனியும் உதிர்கின்றன. துத்தநாகமோ பெரும்பாலும் டயரிலிருந்து வருகிறது; ரப்பரைப் பதப்படுத்த அதில் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். டீசல் புகையிலும் மாக்னடைட் உண்டு, மறுக்கவில்லை. மேடேறும் பக்கத்து நாரிச் இலைகள் புகைக்குச் சாட்சி சொன்னதும் உண்மை. ஆனால் கொல்கத்தா ஏற்றமே அறியாத ஊர். மேம்பாலங்களை விட்டால் எல்லாம் தட்டைத் தரை. நூறடிக்கு ஒருமுறை பிரேக்கை மிதிக்கும் பேருந்துகளும் டாக்சிகளும்தான் அந்தச் சாலைகளின் வாழ்க்கை. அங்கே அளந்த காந்தத்தை 'வாகனப் புகை' என்ற தலைப்பின்கீழ் எழுதினால், புகையே இல்லாத மின்சாரப் பேருந்தும் அந்தக் கணக்கில் குற்றவாளியாகத்தான் தெரியும்.

இதையாவது விட்டுவிடலாம், பிரேக்கும் வாகனத்தின் உறுப்புதானே என்று சொல்லிக்கொள்ளலாம். என் ஆட்சேபத்தின் கனம் வேறிடத்தில் இருக்கிறது. கொல்கத்தாவின் தூசியில் காந்தம் இருப்பதற்கு வாகனமே தேவையில்லை.

கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலின்மேல் எழுந்த நகரம் அது. தோண்டினால் களிமண்ணும் மணலும். பெயருக்கும் ஒரு பாறை கிடையாது. அங்குள்ள ஒவ்வொரு கல்லும் வெளியூரிலிருந்து வந்து இறங்கியது. புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருக்கும் கல்கூட நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனதுதான். அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்து சார்னகைட் என்றார். சாலை போடவும் கட்டடம் கட்டவும் கருங்கல் ஜல்லி ஜார்க்கண்டின் பாகூரிலிருந்தும் வீர்பூம் மாவட்டத்துக் குவாரிகளிலிருந்தும் சரக்கு ரயிலிலும் லாரியிலும் வருகிறது. அது சாதாரணக் கல் அன்று. ராஜ்மகால் எரிமலைக் குழம்பு சுமார் பதினோரு கோடி எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் உறைந்து உண்டான பசால்ட். உடம்பெல்லாம் டைட்டானியம் கலந்த மாக்னடைட் நிறைந்த பாறை. பாறைகளில் வலுவான காந்தம் உடையவை எவை என்று நிலவியல் மாணவனைக் கேட்டால் முதலில் சொல்லும் பெயர்களில் பசால்ட் இருக்கும். லாரிச் சக்கரமும் மழையும் சேர்ந்து அந்தச் சாலையைத் தேய்க்கின்றன. தேய்ந்த பொடி ஓரத்தில் ஒதுங்குகிறது. ஆய்வாளர் அதைப் பெருக்கியெடுத்துக் கருவியில் வைக்கிறார். போக்குவரத்து கூடக் கூட எண்ணும் கூடத்தான் செய்யும், ஏனெனில் சாலை தேயும் வேகம் கூடுகிறது. புகையோடு இதற்கு என்ன சம்பந்தம்?

தமிழ் வாசகருக்கு இதை விளக்கச் சேலம் போதும். கஞ்சமலை அடிவாரத்து மண்ணை இந்தக் கருவியில் வைத்தால், வண்டியே ஓடாத காட்டு வழியிலும் எண் அண்ணாசாலையை மிஞ்சும். மலையே மாக்னடைட் மலை.

கல்லோடு முடியவில்லை. 1902இலிருந்து கொல்கத்தாவில் மின்சார டிராம் ஓடியது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உரசி உரசி உதிர்த்த துகள், நகரத்தின் பழைய தெருக்களில் மண்ணோடு மண்ணாகக் கலந்திருக்கிறது. 2024 செப்டம்பரில், எஸ்பிளனேட்–மைதான் தடம் தவிர டிராமை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. வண்டி நின்றாலும் உதிர்ந்த இரும்பு மண்ணைவிட்டுப் போய்விடாது. ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பில் பழைய தண்டவாள ஓரத்துத் தூசியை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டுத் தூசிமேல் மெல்ல இழுத்தால் பையின் அடியில் கறுப்புத் துகள்கள் முள்முள்ளாக எழுந்து நிற்கும். காந்தத்தை உருவிவிட்டுப் பையை வெள்ளைத்தாளின்மேல் உதறி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தகடு தகடாக, விளிம்பு கிழிந்து, சாம்பல் பளபளப்போடு இருப்பவை தேய்ந்த இரும்பாக இருக்கலாம். முனை கூர்ந்த கருஞ்சில்லுகள் சாலை ஜல்லியின் பொடி. கருகிய செந்நிறத்தில் இருப்பவை செங்கல். கடுகைவிடப் பலமடங்கு சிறிதாக, கறுத்து உருண்டு மின்னுபவை நிலக்கரிச் சாம்பலின் அல்லது உருக்கு வேலையின் மணிகள். இத்தனையும் ஒரே தாளில் கிடக்கும். ஏற்புத்திறன் கருவிக்கு இந்தத் தாள் முழுதும் ஒரே ஓர் எண்.

செங்கல் என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். கல் இல்லாத ஊரில் எல்லாமே செங்கல்தான். காங்கிரீட்டுக்கும் தெருவின் அடித்தளத்துக்கும்கூடச் செங்கல்லை உடைத்த ஜல்லியையே போட்டார்கள். பழைய வீடுகளின் சாந்து சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கி. களிமண்ணைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள இரும்பு, காந்தம் மிகுந்த ஆக்சைடுகளாக மாறும். பழங்காலச் சூளைகளின் வயதைக் கணிக்கத் தொல்லியலாளர்கள் இந்தப் பண்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். வடகொல்கத்தாவில் ஒரு பழைய வீட்டை இடித்தால் அந்தத் தெருவின் இலைகள் அத்தனையும் அந்த மாதம் 'மாசடைந்தவை'. ஆற்றுக்கு அக்கரையில் ஹவுரா. நியூயார்க் தெருக்களின் பாதாளச் சாக்கடை மூடிகளை வார்த்தனுப்பும் இரும்பு வார்ப்பாலைகள் நிறைந்த ஊர். ஆற்றின் இருகரையிலும் செங்கற்சூளைகள். டிட்டாகர், கார்டன் ரீச், பஜ்பஜ் என்று நகரத்தைச் சுற்றிப் பல பத்தாண்டுகள் நிலக்கரி எரித்த மின்நிலையங்கள். நிலக்கரியிலுள்ள பைரைட் எரிந்தால் மிஞ்சுவது காந்தமணிகளே. இப்படி ஓர் ஊரில் காந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாகனப் புகை என்று எழுத எப்படி மனம் வருகிறது?

பிரித்தறிய வழி இருக்கிறது என்பார்கள். உண்டுதான். இரண்டு அதிர்வெண்களில் அளந்தால் மிக நுண்ணிய துகளின் பங்கு தெரியும். வலுவான புலத்தில் காந்தமேற்றி எஞ்சும் காந்தத்தை அளந்தால் மாக்னடைட்டையும் ஹேமடைட்டையும் ஓரளவு பிரிக்கலாம். மாதிரியைச் சூடேற்றிக் காந்தம் அழியும் வெப்பநிலையைப் பார்த்தால் கனிமத்தின் அடையாளம் கிடைக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் துகளின் வடிவமே தெரியும். நல்ல ஆய்வுகள் இதையெல்லாம் செய்கின்றன. மூளைத் திசு ஆய்வு செய்தது. ஆனால் இவ்வளவும் செய்தபின் 'மலிவு', 'ஒரு நிமிடம்' என்ற இரண்டு பெருமைகளும் எங்கே போயின? ஒன்று, முறை மலிவானது, ஆனால் மூலத்தைக் காட்டாது. அல்லது மூலத்தைக் காட்டும், ஆனால் மலிவன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கோருவதை நான் நேர்மையான வாதமாக ஏற்க மாட்டேன்.

அடுத்து ஒட்டுறவுக் கணக்கு. இந்தக் கட்டுரைகளின் மையத்தில் எப்போதும் ஒரு வரைபடம் இருக்கும்: ஒரு பக்கம் ஏற்புத்திறன், மறுபக்கம் உலோகச் செறிவு, நடுவே ஏறிச்செல்லும் கோடு. ஒட்டுறவுக் கெழு 0.7 வந்தால் முறை நிரூபணமாகிவிட்டது என்று முடிப்பார்கள். 0.7ஐ வர்க்கப்படுத்தினால் 0.49, உலோக அளவின் ஏற்ற இறக்கத்தில் பாதிக்குமேல் காந்தத்தால் விளக்கப்படவே இல்லை என்று பொருள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாலைக்கு அருகே எல்லாமே கூடும். தள்ளிப்போனால் எல்லாமே குறையும். எறிந்த பிளாஸ்டிக்கை எண்ணினாலும் ஈயத்தோடு அழகான ஒட்டுறவு கிடைக்கும். 1980இல் டாம்லின்ஸன் முன்வைத்த மாசுச் சுமைக் குறியீட்டோடு ஏற்புத்திறனை ஒப்பிடும் ஆய்வுகளில் சில, அந்தக் குறியீட்டுக்குள் இரும்பையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. இரும்பை இரும்போடு ஒப்பிட்டுவிட்டு ஒட்டுறவு இருக்கிறது என்று மகிழ்வதை விஞ்ஞானம் என்று எப்படிச் சொல்வது? இதை ஆய்விதழ்களின் மதிப்பாய்வாளர்கள் கடந்துபோக விடுவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இவை எல்லாம் முறையியல் சண்டை என்று ஒதுக்கிவிடலாம், விளைவு மனிதர்களைத் தொடாதவரை. அது தொடுகிறது. கொல்கத்தாவில் கன உலோகத்தால் உண்மையிலேயே நாசமான இடங்கள் எவை என்று பாருங்கள். தென்கிழக்கே பிக்னிக் கார்டன் குடியிருப்புப் பகுதியில் ஈயக்கட்டி வார்க்கும் ஆலையொன்றைச் சுற்றிய மண்ணிலும் தூசியிலும் இலையிலும் ஈயம் மிகுந்திருந்ததை 1990களின் ஆய்வு காட்டியது. பெஹாலாவில் ஆர்செனிக் கலந்த பூச்சிமருந்து செய்த ஆலையின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கி, அந்த நீரைக் குடித்த குடும்பங்களைத் தாக்கியது. டேங்க்ராவின் தோல் பதனிடும் பட்டறைகள் குரோமியத்தைக் கால்வாய்களில் விட்டன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை வெளியேற்றச் சொல்லி, பிறகு பான்டாலாவில் புதிய வளாகம் உருவானது. கால்வாய்ச் சேறு பழைய இடத்திலேயே கிடந்தது. இந்த மூன்று இடங்களிலும் நஞ்சு இருந்தது. அதோடு கைகோத்து வரும் இரும்பு இல்லை. காந்தக் கருவியை எடுத்துக்கொண்டு பிக்னிக் கார்டனின் ஒரு சந்துக்குள் போயிருந்தால், பெருஞ்சாலையைவிட அந்தச் சந்து சுத்தமானது என்றுகூட அது சொல்லியிருக்கும். குடிசைக்குப் பின்னால் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குபவரின் குழந்தை உட்கார்ந்திருக்கும் மண்ணும் அதன் கணக்கில் சுத்தம்தான்.

மழையும் சேற்றுத் தண்ணீரும் சேர்ந்து இந்தப் பிழையைப் பெரிதாக்குகின்றன. கொல்கத்தாவின் கால்வாய்களிலும் கிழக்கு ஈரநிலங்களிலும் மாதக்கணக்கில் நீர் தேங்கும் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே பாக்டீரியாக்கள் இரும்பு ஆக்சைடுகளைக் கரைக்கின்றன; மாக்னடைட் மெல்ல மெல்ல மறைகிறது. ஈயமும் குரோமியமும் அதே சேற்றில் சல்பைடாகவும் களிமண்ணோடு ஒட்டியும் தங்கிவிடுகின்றன. காலம் போகப்போகக் காந்த எண் இறங்கும், நஞ்சு இருக்கும். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்த ஈரநிலங்களின் 12,500 ஹெக்டேரில் மீனும் காய்கறியும் வளர்கின்றன, நகரம் அவற்றைத்தான் சாப்பிடுகிறது. அங்கே காந்த அளவீட்டை மட்டும் வைத்து ஒரு நிம்மதியான வரைபடம் வரைந்தால், அது தவறான வரைபடம் என்பதைவிட மோசம். அதை நம்பிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே கட்டுப்படியாகும் என்ற வாதத்துக்கு வருகிறேன். யாருக்குக் கட்டுப்படியாகும்? கொல்கத்தா வசதியற்ற ஊர் அன்று. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தலைமையகம் சௌரங்கியில் இருக்கிறது; நாடு முழுக்க மண்ணையும் ஓடை வண்டலையும் சேகரித்துத் தனிமம் தனிமமாகப் பகுக்கும் புவிவேதியியல் வரைபடத் திட்டத்தை நடத்துவதே அவர்கள்தான். சால்ட் லேக்கில் சாஹா அணு இயற்பியல் நிலையம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் ஆய்வு மையமும் அங்கேயே எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவிகளோடு இருக்கிறது. கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி ஒன்று மண்ணிலுள்ள ஈயத்தையும் துத்தநாகத்தையும் செம்பையும் இரண்டே நிமிடத்தில், அமிலமே இல்லாமல், பெயர் சொல்லிக் காட்டும். குறைந்த அளவுக் காட்மியத்தில் அது தடுமாறும், அதற்கு ஆய்வகம் வேண்டும். விலை காந்தக் கருவியைவிடச் சில மடங்கு. இரண்டுமே லட்சங்களில்தான் வருகின்றன. ஒரு பெருநகரத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதா?

சட்டமும் இந்தப் பதிலியைக் கேட்கவில்லை. 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத்தர வரம்பு ஈயத்துக்கு ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், ஆர்செனிக்குக்கு 6 நானோகிராம், நிக்கலுக்கு 20 நானோகிராம் என்று தனித்தனியே எழுதியிருக்கிறது. இரும்புக்கு வரம்பு இல்லை, காந்தத்துக்கும் இல்லை. யூனிசெஃபும் ப்யூர் எர்த்தும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடி என்று மதிப்பிட்டது. பெட்ரோலில் ஈயம் நின்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகான எண் இது. பேட்டரி, பெயின்ட், மஞ்சள்தூள் கலப்படம், பாத்திரம் என்று ஈயம் வீட்டுக்குள் வந்துவிட்ட காலத்தில், நெடுஞ்சாலை மரத்து இலையின் காந்தத்தைக் கொண்டு அதைத் தேடுகிறோம்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். காந்த வரைபடம் வெளியிடுங்கள். ஆனால் அதே மாதிரிகளில் ஈயம், குரோமியம், ஆர்செனிக், காட்மியம் ஆகியவற்றை வேதியியல் முறையில் அளந்து, காந்த எண் குறைவாக இருந்தும் நஞ்சு மிகுந்திருந்த இடங்களைத் தனிப் பட்டியலாக அதன் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஒட்டுறவுக் கோட்டிலிருந்து விலகி நிற்கும் அந்தப் புள்ளிகளை 'விதிவிலக்கு' என்று நீக்கிவிட்டு மறுபடி கோடு போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். நாளைக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வில் ஓர் ஈய உருக்காலையின் வழக்கறிஞர் எழுந்து, ஆலை இருக்கும் தெரு மாசற்றது என்று ஓர் ஆய்விதழின் காந்த வரைபடத்தை நீட்டினால், அதை மறுக்கும் எண்கள் அதே கட்டுரையின் அடுத்த பக்கத்தில் இருக்க வேண்டும்.